அரைத் தாள் கனம்: காரைக் கையால் பொலிஷ் செய்வது

போட்டோக் கொப்பி எடுக்கும் சாதாரண 80 கிராம் தாள் ஒன்றை இரண்டு விரல்களுக்கிடையில் வைத்துத் தடவிப் பாருங்கள். அதன் கனம் ஏறக்குறைய 100 மைக்ரோன், அதாவது மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு. தொழிற்சாலையில் பூசிய காரின் பெயின்ட் முழுவதும், துருவைத் தடுக்கும் அடிப்பூச்சிலிருந்து மேலே மினுங்கும் கிளியர் கோட் வரை, அந்தத் தாளைவிடக் கொஞ்சம்தான் கூடக் கனமிருக்கும். நிறம் இருக்கும் படை 15, 20 மைக்ரோன். அதற்கு மேலே நிறமில்லாத கிளியர் கோட் 35 முதல் 50 மைக்ரோன் வரை. அரைத் தாள் என்று வைத்துக்கொள்ளலாம். பொலிஷ் என்று நாம் சொல்லும் வேலை முழுக்க அந்த அரைத் தாளுக்குள்தான் நடக்கிறது. கீறல் மறைவது எப்படி? நல்ல பொலிஷ் கீறலின் பள்ளத்தை நிரப்புவதில்லை. அதிலுள்ள நுண்ணிய தூள், பள்ளத்தைச் சுற்றியுள்ள மேட்டை அராவி அராவிப் பள்ளத்தின் அடிமட்டத்துக்குக் கொண்டுவருகிறது. "பொலிஷ் போடுறது" என்று சொல்லிப் பழகிவிட்டதால், முகத்துக்குப் பவுடர் போடுவதுபோல எதையோ மேலே சேர்க்கிறோம் என்று தோன்றுகிறது. உண்மையில் எடுக்கிறோம். எடுத்தது திரும்பி வராது. இந்த அத்தியாயத்தில் சொல்லப்போகும் எல்லாம் இந்தக் கணக்கிலிருந்துதான் வருகிறது: மாத்தளைப் பக்கம் ஓடும் குடும்பக் காருக்குக் கையால் செய்யும் பொலிஷே பொருத்தம், அதையும் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவுக்கு மட்டும்.

வேறு நாட்டுக்காரர் எழுதிய கையேடு இவ்வளவு கஞ்சத்தனம் சொல்லாமலிருக்கலாம். நமக்கு அது கட்டாயம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மறுபடி திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் ஏறக்குறைய ஐந்து வருடம் இருந்த காரைத்தான் வைத்துக்கொண்டு ஓடினோம். திறந்த பிறகும் வரியைக் கூட்டிப் பார்த்தால் புதுக் கார் பெரும்பாலான வீடுகளுக்கு எட்டாத விலைதான். ஆகவே பத்து, பதினைந்து, இருபது வருடக் கார்களின் பெயின்ட்டைத்தான் நாம் பேணவேண்டியிருக்கிறது. "பழுதானால் கராஜில் விட்டு முழுக்க அடித்துவிடலாமே" என்பார்கள். அடிக்கலாம்; ஆனால் முதலில் இருந்தது கிடைக்காது. தொழிற்சாலையில் வெறும் இரும்புக்கூடாக இருக்கும்போதே பெயின்ட் அடித்து, கிளியர் கோட்டை 140 பாகை செல்சியஸ் அளவில் சூளையில் வேகவைக்கிறார்கள். கராஜுக்கு வரும் காரில் டயர், வயர், பிளாஸ்டிக், சீற் எல்லாம் இருக்கின்றன. சூளை உள்ள நல்ல கராஜிலும் 60 பாகையை ஒட்டித்தான் சூடேற்ற முடியும். சூளை இல்லாத இடத்தில் காற்றில் காயவேண்டியதுதான். ஆக, அந்த முதல் அரைத் தாள் கையிருப்பு. அதை எவ்வளவு மெதுவாகச் செலவழிக்கிறோமோ அவ்வளவுக்கு அது நமக்கு உழைக்கும். வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுக்கும் மருந்தும் அந்தப் படைக்குள்தான் கலந்திருக்கிறது. படை மெலிந்தால் அடுத்த நாலைந்து வருட வெயிலில் கூரையும் பொனட்டும் வெளுத்து, பிறகு பாம்புச் சட்டைபோல உரியத் தொடங்கும். உரியத் தொடங்கியதை எந்தப் பொலிஷாலும் மீட்க முடியாது.

கைக்கு எதிரான வலுவான வாதம் மெஷின்தான். மெஷின் வேகமானது, சீரானது, கை எட்டாத அளவுக்கு ஆழமான கீறலையும் எடுக்கும். இவற்றில் ஒன்றையும் மறுக்கவில்லை. சுற்றிக்கொண்டே அதிரும் வகை மெஷினை, பெயின்ட்டின் கனத்தை அளக்கும் கருவியோடு, அனுபவமுள்ள ஒருவர் பிடித்தால் கையைவிட நல்ல வேலையே வரும். கேள்வி, அந்த மூன்றும் ஒரே இடத்தில் எத்தனை தடவை அமைகின்றன என்பதுதான். வீதியோரக் "கட் அண்ட் பொலிஷ்" இடங்களில் பரவலாகக் காண்பது நேராகச் சுழலும் பழைய வகை மெஷினும், அதில் மாட்டிய கம்பளிப் பஞ்சும், கட்டியான ரப்பிங் கொம்பவுண்டும். நிமிடத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் ஓடும் அது ஒரே இடத்தில் நின்றால் சூடேறும். கதவின் மடிப்புக் கோடு, பொனட்டின் ஓரம் போன்ற கூரான இடங்களில் பெயின்ட் பிறவியிலேயே மெலிது. ஈரமாக இருக்கும்போது கூர் முனையிலிருந்து பெயின்ட் விலகி ஓடும் குணமுடையது. அங்கே மெஷின் இரண்டு வினாடி தங்கினால் அடிப்பூச்சு வெள்ளையாகத் தெரிந்துவிடும். கை அப்படிச் செய்யாது, ஏனென்றால் கைக்கு அவ்வளவு பலமில்லை. கையின் பலவீனம்தான் இங்கே அதன் தகுதி. இன்னொன்று: பல கை மாறிய காரில் எந்தக் கதவு தொழிற்சாலைப் பெயின்ட், எந்தக் கதவு டிங்கர் வேலை முடிந்து அடித்தது, எங்கே பட்டி இருக்கிறது என்று வெளியே தெரியாது. ஒரே அழுத்தத்தில் எல்லாவற்றையும் தேய்க்கும் மெஷினுக்கு அது புரியாது. கைக்கு நாலு தேய்ப்பில் வித்தியாசம் தெரியும்: ஒன்று சறுக்கும், ஒன்று பிடிக்கும்.

பொலிஷ் டப்பாவைத் திறக்குமுன் வேறொன்றைப் பார்த்துவிட வேண்டும். "மங்கிப் போச்சு" என்று சொல்லப்படும் கார்களில் ஒரு பெரும் பங்கு உண்மையில் அழுக்கான கார்கள். மாத்தளை மண்ணை நினைத்துப் பாருங்கள். ஓவல, கைக்காவல பக்கம் பெல்ட்ஸ்பார் வெட்டுகிறார்கள். மாவட்டம் முழுக்கப் பழைய உருமாறிய பாறை. உடைந்தால் குவார்ட்ஸ் மணல். கடினத்தன்மையின் பத்துப் படி அளவில் பெல்ட்ஸ்பார் 6, குவார்ட்ஸ் 7. சாதாரணக் கண்ணாடியையே கீறக்கூடிய பொருட்கள். லக்கலப் பக்கமோ வில்கமுவப் பக்கமோ போய் வந்த காரின் மேல் படிந்திருக்கும் செம்பழுப்புத் தூசியில் இவை இருக்கின்றன. அந்தத் தூசியைக் காய்ந்த துணியால், அல்லது வாசலில் வைத்திருக்கும் தும்புத் தூரிகையால், காலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு வேலைக்குப் போவது நம்மில் பலருக்குப் பழக்கம். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலைபோல வட்டம் வட்டமாகத் தெரியும் கோடுகள் அப்படித்தான் பிறக்கின்றன. மறுவருடம் அந்தக் கோடுகளை எடுக்கப் பொலிஷ். கீறுவதும் நாமே, அராவுவதும் நாமே. இரண்டிலும் கரைவது அந்த அரைத் தாள்.

ஆகவே கழுவும் முறையைத் திருத்துவது பொலிஷில் பாதி. முதலில் வெறும் தண்ணீரை மேலிருந்து கீழாக ஓடவிட்டு மணலை இறக்குங்கள். பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு கரைத்த தண்ணீர், மற்றதில் வெறும் தண்ணீர். துணியை ஷாம்புவில் தோய்த்து ஒரு பகுதியைத் துடைத்ததும், வெறும் தண்ணீர் வாளியில் அலசிப் பிழிந்துவிட்டுத்தான் மறுபடி ஷாம்புவுக்குப் போகவேண்டும். கூரை, கண்ணாடி, பொனட், கதவின் மேல்பாதி, கடைசியில் கீழ்ப்பாதி. சில்லுக்கு வேறு துணி. உடுப்புத் தோய்க்கும் பவுடரும் பாத்திரம் கழுவும் திரவமும் முன்பு பூசிய மெழுகையும் சேர்த்துக் கழுவிவிடும். தண்ணீரும் மாவட்டத்துக்குள்ளேயே மாறும். ரத்தோட்டை, உக்குவளைப் பக்கத்து ஓடைத் தண்ணீர் மென்மையானது. வடக்கே தம்புள்ளை, கலேவெல போன்ற வறண்ட பகுதிக் கிணறுகளில் தண்ணீர் கடினம். வெயிலில் காயவிட்டால் துளித் துளியாக வெள்ளை வட்டம் விழும். அங்கே கழுவியதும் துடைத்துவிடுவது கட்டாயம். விழுந்துவிட்ட வட்டத்துக்குத் தண்ணீர் கலந்த வினாகிரியை ஒற்றி, ஒரு நிமிடத்தில் கழுவிப் பாருங்கள். பெரும்பாலும் போய்விடும், அதற்குப் பொலிஷ் வேண்டியதில்லை. காக்கை எச்சத்தையும் சுரண்டக்கூடாது. ஈரத் துணியை அதன்மேல் பத்து நிமிடம் போட்டு வைத்து, ஊறியதும் அப்படியே அள்ளி எடுக்கவேண்டும். நாட்கணக்கில் விட்டால் அது பெயின்ட்டை அரித்துக் குழி வைத்துவிடும். பலாமர நிழல் குளிர்ச்சிதான். பலாப் பாலுக்கும் காக்கைக்கும் அதே நிழல்தான் பிடிக்கும்.

கோயில் விஷயமும் உண்டு. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் வாகனப் பூசை செய்து, பொனட்டில் சந்தனமும் குங்குமமும் வைத்து வருவது நம் வழக்கம். அதை வைக்கவேண்டாம் என்று இந்தப் புத்தகம் சொல்லாது. ஆனால் வாரக்கணக்கில் வெயிலில் காயவிட்டுப் பிறகு நகத்தால் சுரண்டுவது வேறு விஷயம். வெள்ளைக் காரில் குங்குமச் சாயம் இறங்கி நின்றுவிடலாம். அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்து மெதுவாக எடுத்துவிட்டால் அம்மன் கோபிக்கப்போவதில்லை.

கழுவித் துடைத்த பிறகு, கையில் மெல்லிய சொப்பிங் பேக் ஒன்றை உறைபோல மாட்டிக்கொண்டு பொனட்டைத் தடவுங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பிளாஸ்டிக்கின் ஊடாகத் தெளிவாகத் தெரியும். கழுவலுக்கு அசையாமல் ஒட்டியிருக்கும் தார்த் துளி, பிரேக்கிலிருந்து பறந்த இரும்புத் தூள், மரப் பிசின் ஆகியவைதான் அது. இதற்குக் களிமண் போன்ற பிசையும் கட்டி, "கிளே பார்" என்று, வாகனப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஷாம்புத் தண்ணீரைத் தாராளமாகத் தெளித்து, அந்தக் கட்டியை அழுத்தாமல் நேராக ஓட்டவேண்டும். முதலில் தடதடவென்று இழுக்கும். நாலைந்து ஓட்டத்தில் சத்தம் அடங்கி வழுக்கும். அழுக்கான பக்கத்தை உள்ளே மடித்துப் பிசைந்து புதுப் பக்கத்தை எடுங்கள். தரையில் விழுந்த கட்டியை, எவ்வளவு புதிதானாலும், எறிந்துவிட வேண்டும்; அதில் ஒட்டும் ஒரு மணல் போதும். இவ்வளவும் முடிந்து கார் காய்ந்ததும் தள்ளி நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும். பொலிஷ் இல்லாமல் நேரே மெழுகுக்குப் போகலாம்.

மீதிப் பாதிக்கு இரண்டு சோதனை. முதலாவது, கிளியர் கோட் உண்டா என்பது. மறைவான ஓர் இடத்தில் வெள்ளைத் துணியில் துளி பொலிஷ் தொட்டுத் தேய்த்தால் துணியில் காரின் நிறம் ஏறுகிறதா? ஏறினால் நிறமே மேல்படை. மொரிஸ் மைனர் போன்ற பழைய கார்களும் சில மறுபூச்சுகளும் இப்படி. அவை சீக்கிரம் மினுங்கும், சீக்கிரம் கரையும். நிறம் ஏறாவிட்டால் மேலே கிளியர் கோட். அண்மையில் பெயின்ட் அடித்த காராக இருந்தால் அடித்தவரிடம் கேட்டு, முழுக்கக் காயும்வரை பொறுங்கள். இரண்டாவது சோதனை நகம். கீறலுக்குக் குறுக்காக நகத்தை மெதுவாக இழுங்கள். நகம் தடக்கினால் அது கைப் பொலிஷுக்கு அடங்காத ஆழம். அதை மறைக்கப் பத்து மைக்ரோனைச் சுற்றிலும் வழித்தெடுப்பதைவிட, ஓரங்களை மென்மையாக்கி விட்டுவிடுவது நல்லது. இரும்பு தெரிந்தால் டச்-அப் பெயின்ட் வைத்துத் துருவைத் தடுங்கள். நகத்தை இப்படிக் கருவியாக்குவது இந்த மாவட்டத்துக்குப் புதிதல்ல. ஹபுவிதக் கிராமத்து அரக்கு வேலைக்காரர் சூட்டில் இளகிய நிற அரக்கை நூலாக இழுத்துப் பெருவிரல் நகத்தால் வெட்டி மரத்தில் பதிப்பார்கள். நகத்தின் சிங்களப் பெயரான நியபொத்து என்பதே அந்த வேலைக்கும் பெயர். ஆனந்த குமாரசுவாமி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூலில் அரக்கு வேலையும் இடம்பெற்றிருக்கிறது. ஒரு படையின் கனத்தை விரல் நுனி படித்துவிடும் என்பதற்கு அவர்கள் வேலையைவிட நல்ல சாட்சி கிடைக்காது.

இனி வேலை. இடம் நிழல், நேரம் காலை. உள்ளங்கையை பொனட்டில் வைத்துப் பாருங்கள்; சூடு தெரிந்தால் பொறுங்கள், சூட்டில் பொலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும். மடிப்புக் கோடுகள், ரப்பர், கறுப்புப் பிளாஸ்டிக் ஆகியவற்றின்மேல் மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். ரப்பிங் கொம்பவுண்டை ஒதுக்கிவைத்துவிட்டு, கிடைப்பதில் மிக நயமான பொலிஷை எடுங்கள். அதை ஒரு சாண் சதுரத்தில் முதலில் சோதித்து, போதவில்லை என்றால்தான் அடுத்த படி. துணியை விரலில் சுற்றித் தேய்ப்பது தவறு: நாலு விரல் நுனிகள் நாலு கோடாக அழுத்தும். தட்டையான பஞ்சுப் பட்டை வேண்டும். அதை உள்ளங்கை முழுக்கத் தாங்கவேண்டும். பட்டையில் கடலையளவு மூன்று நாலு துளி. ஒன்றரை அடிச் சதுரத்துக்கு மேல் ஒரே தடவையில் எடுக்காதீர்கள். முதலில் அழுத்தாமல் பூசிப் பரப்புங்கள். பிறகு நடுத்தர அழுத்தத்தில் முன்னும் பின்னுமாக நேர்கோட்டில், ஒவ்வொரு ஓட்டமும் முந்தியதைப் பாதி மூடும்படி. அந்தச் சதுரம் முடிந்ததும் குறுக்காக அதேபோல. வட்டமாகத் தேய்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்; வட்டக் கோடு எந்தப் பக்கத்து வெளிச்சத்துக்கும் ஏதோ ஓர் இடத்தில் பளிச்சிடும், நேர்கோடு ஒரு திசைக்குத்தான் தெரியும். தொடக்கத்தில் பொலிஷ் பால்போல வெள்ளையாக இருக்கும். இரண்டு மூன்று நிமிடத்தில் மெலிந்து, எண்ணெய் தடவிய கண்ணாடிபோலத் தெளியும். பட்டையின் கீழிருந்து வரும் மெல்லிய சர்சர்ப்பும் குறையும். அப்போது அழுத்தத்தைத் தளர்த்திக் கடைசி ஆறேழு ஓட்டம் கையின் பாரத்தால் மட்டும். சுத்தமான மைக்ரோபைபர் துணியால் துடைத்துவிட்டு அடுத்த சதுரம்.

கைவேலையின் பெரிய பலவீனம் இங்கேதான் வருகிறது. இரண்டு மணி நேரத்தில் தோள் களைக்கும். களைத்த கை முதல் கதவுக்குக் கொடுத்ததைக் கடைசிக் கதவுக்குக் கொடுக்காது. உண்மைதான். ஆனால் ஒரே நாளில் முடிக்கவேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? பொனட் இந்த ஞாயிறு, கூரை அடுத்த ஞாயிறு. எல்லாப் பகுதிக்கும் பொலிஷ் தேவையும் இல்லை. கைபிடியைச் சுற்றியும், டிக்கியின் விளிம்பிலும், பொனட்டிலும்தான் கோடுகள் கூடுதல். இன்னொரு குறை நியாயமானது: கைப் பொலிஷின் மினுக்கம் மூன்று கழுவலில் போய்விடுகிறது என்பது. அப்படிப் போனால் கீறல் அராவப்படவில்லை, பொலிஷிலிருந்த எண்ணெய் அதை மூடி மறைத்திருந்தது என்று அர்த்தம். சோதிக்கும் வழி எளிது. சோதனைச் சதுரத்தைத் தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, போனின் டோர்ச்சைச் சரிவாகப் பிடித்துப் பாருங்கள். கோடுகள் திரும்பி வந்திருந்தால் இன்னொரு முறை தேய்க்கலாம், அல்லது இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடலாம். இரண்டாவதையே நான் கூடுதலாகப் பரிந்துரைப்பேன். நடுப்பகல் வெயிலில், குறிப்பிட்ட கோணத்தில், தேடினால் மட்டும் தெரியும் கோட்டுக்காக நாலு மைக்ரோன் செலவழிப்பது நல்ல வியாபாரம் அல்ல.

மண்ணெண்ணெயில் தோய்த்த துணியால் துடைப்பது பழைய சாரதிகளின் கைமருந்து. அது மினுங்குவது எண்ணெய்ப் படலத்தால். தார்த் துளியைக் கரைக்க ஓரளவு உதவும் என்பதைத் தவிர வேறு பயனில்லை. படலம் தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், முன்பிருந்த மெழுகையும் கரைத்துவிடும். பற்பசை அராவும் பொருள்தான். பல்லுக்கு அளவாகச் செய்த தூள் கிளியர் கோட்டுக்கு அளவானது என்று யாரும் உறுதி தரவில்லை. தேங்காயெண்ணெயைத் தலைக்கே வைத்துக்கொள்ளலாம்.

அராவிய இடத்தை மூடாமல் விடக்கூடாது, மெழுகு அதற்குத்தான். தரமான கார் மெழுகில் கலக்கும் கார்னோபா, வடகிழக்குப் பிரேசிலின் ஒரு பனை வகையின் ஓலையில் படிவது. அந்த வறண்ட நிலத்தில் ஓலைக்குள்ளிருக்கும் ஈரம் வெளியேறாமல் காப்பதற்கு மரம் தானே பூசிக்கொள்ளும் பூச்சு. நம் தாளிப்பனைக்கு அது தூரத்து உறவு. அலுவிகாரையில் சுவடி எழுதக் காட்டுகிறார்களே, அந்த ஓலை மரம்தான். கார்னோபா மெழுகு இங்கத்தைய வெயிலுக்கும் மழைக்கும் சில வாரம் முதல் இரண்டு மாதம் வரை நிற்கும். செயற்கைச் சீலன்ட் அதைவிடக் கூடுதல் மாதங்கள். எதுவானாலும் மெல்லிசாகப் பூசவேண்டும், தடிப்பாகப் பூசினால் துடைக்கும் வேலைதான் கூடும். விரலால் தொட்டு இழுத்தால் தூள்போல விலகும்போது துடைத்தெடுங்கள். மெழுகு தீர்ந்ததைத் தண்ணீர் சொல்லும்: மழைத்துளி முத்துமுத்தாக நிற்காமல் தகடாகப் பரவி நின்றால் மறுபடி பூசும் நேரம். மெழுகைத் தேவைப்படும்போதெல்லாம் பூசலாம், அது எதையும் எடுப்பதில்லை. பொலிஷை இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறைக்கு மேல் நினைக்கவேண்டாம். ஐப்பசி மழை தொடங்குமுன், புரட்டாதியில் வைத்துக்கொண்டால் மழைக்காலம் முழுக்கப் புது மெழுகின் கீழ் கார் நனையும். வேலை முடிந்ததும் பட்டைகளையும் துணிகளையும் கொம்ஃபோர்ட் மாதிரி மென்மைத் திரவம் சேர்க்காமல் தனியாகத் தோய்த்து, நிழலில் காயவைத்து, மூடியுள்ள டப்பா ஒன்றில் போட்டு வையுங்கள். கராஜ் மூலையில் திறந்தபடி கிடந்த துணியில் என்ன ஒட்டியிருக்கும் என்று தெரியாது.